கயிறு, சிப்பி, நங்கூரம்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: கண்ணாடி ஜாடியில் சணல் கயிறு சுற்றிக் கப்பல் விளக்கு மாதிரி செய்யப் போகிறேன். எவ்வளவு கயிறு வேண்டும்?

பதில்: கடைசி இரண்டு சுற்றுக்குக் கயிறு போதாமல் பலரும் முழிப்பது இங்கேதான். ஜாடியின் விட்டத்தோடு கயிற்றின் தடிமனைக் கூட்டி 3.14-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றின் நீளம். ஜாடியின் உயரத்தைக் கயிற்றின் தடிமனால் வகுத்தால் எத்தனை சுற்று என்று வரும். 10 செ.மீ. விட்டம், 10 செ.மீ. உயரம், 6 மி.மீ. கயிறு என்றால் சுமார் ஐந்தரை மீட்டர். கையில் ஆறு மீட்டர் இருக்கட்டும். முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் பசை முழுதாக வேண்டும், நடுவில் அங்கங்கே ஒரு சொட்டு போதும். வெட்டப்போகும் இடத்தில் முதலில் நூலை இறுக்கிச் சுற்றுங்கள், அப்புறம் வெட்டுங்கள், முனை பிரியாது. உள்ளே மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம். சணல் பற்றிக்கொள்ளும். பேட்டரி விளக்கு வையுங்கள்.

கேள்வி: சிப்பியை வினிகரில் ஊறவைத்தால் பளபளக்குமாமே?

பதில்: கரையும். சிப்பி என்பது கால்சியம் கார்பனேட், வினிகர் அமிலம். குமிழி வந்தால் அழுக்கு போகிறது என்று நினைக்காதீர்கள், போவது சிப்பியேதான். நானும் ஒருமுறை இரவு முழுக்க ஊறப்போட்டேன். காலையில் விளிம்பு விரல் பட்டதுமே உதிர்ந்தது. சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். நாற்றம் போகாவிட்டால் நிறையத் தண்ணீரில் கொஞ்சம் ப்ளீச். அதோடு வினிகர் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: பாட்டிலுக்குள் கப்பல் வைப்பது எப்படி?

பதில்: பாய்மரங்களை மடக்கி உள்ளே விட்டு, நூலை இழுத்து நிமிர்த்துவார்கள். எனக்குக் கைவராத வித்தை. மாடல் கப்பல் செய்கிறவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: சுவரில் நங்கூரம் வரைந்து கயிற்றைச் சுற்றிவிட்டேன். சரிதானே?

பதில்: கப்பல்காரர் பார்த்தால் முகம் சுளிப்பார். கயிறு சிக்கிய நங்கூரத்தைத் தூக்குவது பெரும் பாடு.

கேள்வி: அப்படியானால் பிரிட்டிஷ் கடற்படையை நிர்வகித்த அட்மிரால்டியின் சின்னத்தில் அதே சிக்கிய நங்கூரம் ஏன் இருக்கிறது?

பதில்: நல்ல அடி! இருக்கிறது, மறுக்கவில்லை. சின்னத்தில் அழகுக்காக இருப்பது வேலையில் தொல்லை என்றுதான் சொன்னேன்.

கேள்வி: சுவரிலிருக்கும் நங்கூரம் எந்த வேலைக்குப் போகிறது ஐயா?

பதில்: சரி, தோற்றேன். அழிக்க வேண்டாம். ஆனால் கப்பல்கள் செய்தி சொல்ல ஏற்றும் சிக்னல் கொடிகளை மாட்டினால் இந்தச் சலுகை கிடையாது. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கும் 26 கொடி. பெயரை முழுதாகக் கோத்தால் பெயர்தான், ஒற்றைக் கொடியை மாட்டினால் அது செய்தி. ‘ஓ’ கொடிக்கு ‘ஆள் கடலில் விழுந்துவிட்டார்’ என்று பொருள். கட்டிலுக்கு மேல் மாட்டுமுன் யோசியுங்கள்.

கேள்வி: சிப்பியை வினிகரில் அஞ்சே நிமிடம் வைத்தால்?

பதில்: மேலே சொன்ன பதிலையே இன்னொரு முறை படியுங்கள்.

கேள்வி: கயிறு சுற்றிய ஜாடியில் சின்ன மெழுகுவர்த்தி?

பதில்: சின்னதும் வேண்டாம்.