கேள்வி – பதில்: மருத்துவர்கள் எழுதும்போது

கேள்வி: மருத்துவத் தொழில் செய்துகொண்டே இலக்கியம் படைத்தவர்கள் பல மொழிகளில் இருக்கிறார்கள். நோயாளிகளிடமிருந்து கதைக்கரு கிடைப்பதைத் தவிர, அத்தொழில் அவர்களது எழுத்துக்கு வேறு எதையேனும் தருகிறதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கதைக்கரு வழக்கறிஞருக்கும் காவலருக்கும்கூடக் கிடைக்கும். மருத்துவம் தருவது, தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல் எதிரில் இருப்பவரைக் கவனிக்கும் பழக்கத்தை என்று நினைக்கிறேன்.

1884இல் மாஸ்கோவில் மருத்துவப் படிப்பை முடித்த ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவ், மருத்துவம் தமக்கு முறைப்படி மணந்த மனைவி, இலக்கியம் காதலி என்று 1888இல் தம் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த வேடிக்கையைவிட, ஒரு சிக்கலைத் தீர்ப்பது வேறு, அதைச் சரியாக முன்வைப்பது வேறு, கலைஞனுக்குக் கடமையானது இரண்டாவதே என்று அதே ஆண்டில் அவருக்கே எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1890இல் கைதிகளின் தீவான சகாலினுக்குப் போய் மூன்று மாதம் தங்கி, வீடு வீடாக நடந்து, சுமார் 10,000 பேரின் விவரங்களை அட்டைகளில் பதிந்துகொண்டார். பின்னர் எழுதிய நூலில், சவுக்கடித் தண்டனையைக்கூடக் குரலை உயர்த்தாமல் விவரித்தார். 1892இல் காலரா நெருங்கியபோது, தாம் வசித்த மெலிகோவோவைச் சுற்றியிருந்த 25 கிராமங்களை ஊதியம் வாங்காமல் கவனித்துக்கொண்டவரும் அவரே. அதே ஆண்டில் வெளிவந்த ‘ஆறாம் எண் வார்டு’ கதையிலோ, துன்பத்தைத் தத்துவம் பேசிக் கடந்துவிடும் ஒரு மருத்துவர், தம் பொறுப்பிலிருந்த மனநோயாளிகளின் அறையிலேயே இறுதியில் அடைக்கப்படுகிறார். தம் தொழிலின் மீது அவ்வளவு கடுமையான குற்றச்சாட்டை வெளியாள் எழுதியிருந்தால் வசையாகத்தான் முடிந்திருக்கும்.

அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் நியூ ஜெர்சியின் ரதர்ஃபோர்டில் நாற்பது ஆண்டுகள் வைத்தியம் பார்த்தவர். தொண்டை அடைப்பான் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறுமியின் வாயை வலுக்கட்டாயமாகத் திறக்கும் மருத்துவர், அந்த வன்முறையில் தமக்கு ஒரு சுகம் இருந்ததை ஒப்புக்கொள்ளும் கதை அவருடையது. பாகல்பூரில் நோய்க்குறியியல் பரிசோதனைக் கூடம் நடத்திய வங்க எழுத்தாளர் பனஃபூலின் பல கதைகள் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். பரிசோதனை அறிக்கையின் சிக்கனம் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றுவது மிகையாகவும் இருக்கலாம்.

கேள்வி: அப்படியானால் தொழிலைக் கைவிட்டவர்கள்?
– அதே வாசகி

பதில்: ரஷ்ய எழுத்தாளர் மிகயீல் புல்ககோவ் கைவிட்டவர்தான். ஆயினும், 1916இல் ஸ்மலென்ஸ்க் பகுதிக் கிராமத்தில் புது மருத்துவராகப் பணியாற்றிய அனுபவத்தை 1925–26இல்தான் கதைகளாக வெளியிட்டார். குழந்தை குறுக்கே கிடக்கும் பிரசவத்தின் நடுவே, சிகரெட் எடுத்து வருவதாகச் சொல்லித் தம் அறைக்கு ஓடிப் பிரசவ நூலைப் புரட்டும் இளம் மருத்துவர் அவற்றில் வருகிறார். அந்தப் பயத்தை அன்றே எழுதியிருந்தால் இவ்வளவு நகைச்சுவை அதில் கூடியிருக்குமா என்பது சந்தேகமே.