வாயுவுக்கு மேடு பள்ளம் தெரியாது, தம்பி

எனக்கு அனுப்பின கடிதத்தில நாலு பக்கம் ரத்தத்தில கூடின சீனியைப் பற்றி எழுதியிருக்கிறீங்க. மூண்டாம் பக்கத்தில பாவக்காய்ச் சாறுக்கும் காலில எறும்பு ஊருற கதைக்கும் நடுவில ஒரே ஒரு வரி கிடக்குது: "வெள்ளிக்கிழமையில கோணேசர் கோயிலுக்கு ஏறேக்க நெஞ்சு இறுக்கிப் பிடிக்குது, வாயுதான், நிண்டா விட்டிடும், முந்தி மேல போன பிறகுதான் வரும், இப்ப பாதியிலயே வருது." நான் முதல்ல இதுக்குத்தான் பதில் சொல்லுவன், மற்றதெல்லாம் பிறகு.

வாயுவுக்கு மேடு பள்ளம் தெரியாது. வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு வந்தா, படுக்கேக்க குனியேக்க வந்தா, வாயு எண்டு நானும் ஒத்துக்கொள்ளுவன். ஆனா கோயில் ஏத்தத்துக்குக் கீழ இருக்கிற கோட்டை வாசலில ஒண்டுமில்லை, ஏத்தம் தொடங்கினோடன இறுக்குது, நிண்டா ரெண்டு மூண்டு நிமிஷத்தில விடுது, திரும்ப ஏறினா திரும்பப் பிடிக்குது எண்டா அது இருதயத்துக்குப் போற ரத்தக்குழாய் ஒடுங்கியிருக்கலாம் எண்டதுக்கான அடையாளம். கடையில கதிரையில இருக்கேக்க இருதயத்துக்கு அந்த ரத்தம் காணும், மேடு ஏறேக்க காணாது, அவ்வளவுதான் விஷயம். அதுவும் முந்தினதை விடக் குறைஞ்ச தூரத்திலயே வரத் தொடங்கிட்டுது எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க, ஓமத்தண்ணி குடிச்சுக்கொண்டு அடுத்த வெள்ளி வரைக்கும் பார்ப்பம் எண்டு இருக்கிற கேஸ் இல்லை இது. இதை வாசிச்சு முடிச்சோடன கடையை ஆரிட்டயாவது பாரம் குடுத்திட்டு இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அங்க போய் "டொக்டர், எனக்கு சீனி கூடிட்டுது" எண்டு தொடங்காதீங்க, தொடங்கினா கதை சீனியிலயே போய் முடிஞ்சிடும். "மேடு ஏறினா நெஞ்சு இறுக்குது, நிண்டா விடுது, வரவரக் கூடுது" எண்டதுதான் முதல் வசனமா வரோணும். ஈசிஜி எடுப்பினம். அது நோர்மல் எண்டு சொன்னோடன சந்தோஷமா வீட்ட வந்திடாதீங்க. ஈசிஜி எடுக்கேக்க நீங்க கட்டிலில சும்மா படுத்திருக்கிறீங்க, உங்கட நெஞ்சு இறுக்கிறது ஏறேக்க. அதால மெஷினில நடக்க வைச்சு எடுக்கிற ட்ரெட்மில் டெஸ்டோ வேற ஏதும் ஸ்கேனோ தேவையா எண்டு கேளுங்க. பிரஷரும் கொலஸ்ட்ரோலும் பார்க்கச் சொல்லுங்க. இதுக்கிடையில சும்மா இருக்கேக்கயே இறுக்கினா, இல்லாட்டி நிண்ட பிறகும் பத்து நிமிஷமா விடாம இருந்தா, வேர்த்தா, இடக்கை, தாடைப்பக்கம் ஓடினா, மோட்டார்சைக்கிளை எடுக்கிற வேலை வேண்டாம், 1990க்கு அடியுங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும்.

சரி, இனி நீங்க உண்மையா பயப்பிடுற விஷயத்துக்கு வாறன். "எனக்கும் அப்பா மாதிரி காலை எடுக்க வேண்டி வருமா" எண்டதுதான் இந்தக் கடிதம், மிச்சம் எல்லாம் அதைச் சுத்தி. தம்பி, கால் போறது ஒரு ரிப்போட்டில வாற நம்பரால இல்லை. வருஷக்கணக்கா கூடின சீனியோட இருந்து, கால் மரத்துப்போய், செருப்பு கடிச்ச புண்ணே தெரியாம, ரத்த ஓட்டமும் குறைஞ்சு, புகைப்பழக்கமும் சேர்ந்து, பிறகுதான் அந்த நிலை வரும். உங்களுக்கு ஃபாஸ்டிங், அதாவது வெறும் வயித்துச் சீனி, 114. எச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூண்டு மாசச் சராசரிச் சீனி, 6.0. முதலாவது 100க்கும் 125க்கும் இடையில, ரெண்டாவது 5.7க்கும் 6.4க்கும் இடையில இருந்தா சலரோகத்துக்கு முந்தின நிலை எண்டு பேர். 126, 6.5ஐத் தொட்டாத்தான் சலரோகம், அதையும் இன்னொருக்கா பார்த்துத்தான் உறுதி செய்யிறது. எறும்பு ஊருறது நீங்க கடையில காலை மடிச்சு இருந்து எழும்பேக்க மட்டும் எண்டா அதை விட்டுடுங்க. ரெண்டு பாதமும் எப்பவும் மரத்துக் கிடந்தாத்தான் எனக்குச் சொல்லோணும்.

ஆனா அப்பாவைப் பற்றின பக்கத்தை நான் ரெண்டுதரம் வாசிச்சன். கால் எடுத்த கதை ஒரு பக்கம் முழுக்க இருக்குது. கடைசியில "ரெண்டு வருஷத்தில நெஞ்சு நோவில மோசம் போயிட்டார்" எண்டு அரை வரி. அவர் போனது காலால இல்லைத் தம்பி, நெஞ்சால. சீனி சலரோகம் எண்ட பேர் எடுக்க முந்தியே இருதயத்தில வேலையைத் தொடங்கிடும், பிரஷரும் கொலஸ்ட்ரோலும் வயித்துக் கொழுப்பும் கூடவே கூட்டாளிமாரா வரும். நீங்க தினம் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டு நெஞ்சுக்கு வாயு எண்டு பேர் வைச்சிருக்கிறதுதான் எனக்குக் கவலை.

மச்சான் சீனிக்கு எடுக்கிற மெட்ஃபோமின் குளிசையை மூண்டு கிழமையா எடுக்கிறீங்க. மூண்டு கிழமையா வயித்தால போகுது, இன்டர்நெட்டில பார்த்தா குடல் கேன்சர் எண்டு போட்டிருக்குதாம். ரெண்டையும் ஒரே பக்கத்தில எழுதியும் உங்களுக்கு விளங்கேல்லையா? மெட்ஃபோமின் தொடங்கினா கனபேருக்கு வயித்தால போகும், அது எல்லாரும் அறிஞ்ச பக்கவிளைவு. குளிசை கூடாததில்லை, சிலபேருக்கு இந்த நிலையிலயே நாங்களும் குடுக்கிறனாங்கள், ஆனா கிட்னி எப்படி எண்டு பார்த்துத்தான். நிப்பாட்டுங்க, ஆஸ்பத்திரியில கேட்டா எடுத்தனான் எண்டதை மறைக்காமலும் சொல்லுங்க. நிப்பாட்டி ரெண்டு கிழமையிலும் வயிறு சரிவராட்டித்தான் அதைப் பற்றிக் கதைப்பம். நீங்க எழுதியிருக்கிற கழுத்துக் கறுப்பு அழுக்கில்லை, தேசிக்காய் போட்டுத் தேச்சுத் தோலைப் புண்ணாக்காதீங்க, உடம்பு குறைய அதுவும் குறையும். இரவில மூண்டுதரம் சலம் போறதுக்கு, படுக்க முந்தி ஒரு போத்தல் பாவக்காய்ச் சாறு குடிச்சா வேற என்ன நடக்கும்? நாளைக்கு அஞ்சுதரம் விரலைக் குத்துறதையும் விடுங்க. சாப்பிட்ட பிறகு சீனி ஏறத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பார்த்துப் பயப்பிடுறதுக்கு அந்த மெஷின் செய்யேல்லை. மூண்டு மாசத்தில ஒரு எச்பிஏ1சி போதும்.

சாப்பாட்டில நீங்க பிழையான ஆளைப் பிடிச்சிருக்கிறீங்க. சோத்தை முழுசா விட்டிட்டு நாலு குரக்கன் ரொட்டி சாப்பிட்டா அதுவும் மாச்சத்துத்தான், பேர்தான் வேற. சோறு சாப்பிடுங்க, கோப்பையில காவாசிக்கு மேல போகக்கூடாது, அரைவாசி மரக்கறி, வல்லாரை, முருங்கையிலை, மிச்சத்துக்கு மீன். திருகோணமலையில இருந்துகொண்டு மீனுக்கு வழியில்லை எண்டு சொல்லமாட்டீங்கதானே. உண்மையான கள்ளன் கடைக்கு வாற தேத்தண்ணி. நாளைக்கு அஞ்சு, ஒண்டுக்கு மூண்டு கரண்டி, பதினைஞ்சு கரண்டி, அதாவது 60 கிராமுக்கு மேல. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள்ள நிண்டா நல்லது எண்டு சொல்லுது. மாசம் ரெண்டு கிலோவுக்குக் கிட்ட சீனி தேத்தண்ணியில மட்டும் போகுது, நீங்க சோத்தோட கோவிச்சுக்கொண்டு நிக்கிறீங்க. பனங்கட்டிக்கு மாறிட்டன் எண்டும் எழுதியிருக்கிறீங்க, அதுவும் சீனிதான், பனையில இருந்து வந்ததால உடம்பு தள்ளுபடி குடுக்காது. ஒரேயடியா விட ஏலாட்டி கிழமைக்கு அரைக்கரண்டி குறைச்சுக்கொண்டு வாங்க, நாக்கு பழகிடும். நானும் அப்படித்தான் பழகினனான், முதல் மாசம் மனிசியோட சண்டைதான்.

இதுகளால பிரயோசனம் இருக்குதோ எண்டு கேட்டிருக்கிறீங்க. சென்னையில எங்கட மாதிரி ஆக்கள், சலரோகத்துக்கு முந்தின நிலையில இருந்த 531 பேரை வைச்சு ஒரு ஆராய்ச்சி செய்து 2006இல வெளியிட்டவை. சும்மா விட்ட ஆக்களில மூண்டு வருஷத்தில நூற்றுக்கு 55 பேருக்குச் சலரோகம் வந்திட்டுது. சாப்பாட்டையும் நடையையும் மாத்தினவையில 39 பேருக்கு, மெட்ஃபோமின் எடுத்தவையில 40 பேருக்கு, ரெண்டையும் சேர்த்துச் செய்தவைக்கும் அதே 39 தான். பழக்கம் மாத்தினா வரவே வராது எண்டு நான் பொய் சொல்லேல்லை, ஆனா மச்சான்ர குளிசை செய்யிறதை உங்கட காலும் கோப்பையும் செய்யும். 82 கிலோவில ஒரு அஞ்சாறு கிலோ இறங்கினாலே நல்லது, இடுப்பு 102 சென்டிமீற்றர் எண்டு எழுதியிருக்கிறீங்க, எங்கட ஆம்பிளையளுக்கு 90க்குள்ள இருக்கோணும்.

நடை கிழமைக்கு 150 நிமிஷம் தேவை, உங்களுக்கு டச் பே கடற்கரை கிட்டத்தான். ஆனா நெஞ்சைப் பார்த்து டொக்டர் ஓம் எண்டு சொன்ன பிறகுதான், அதுவரைக்கும் வேகநடையும் வேண்டாம், ஏத்தமும் வேண்டாம். இந்த வெள்ளி கீழ நிண்டே கும்பிடுங்க, கோணேசர் கோவிக்கமாட்டார். மிச்சக் குளிசையை மச்சானிட்டத் திருப்பிக் குடுங்க, மாசக்கடைசியில அந்தாளுக்குக் குளிசை தட்டுப்பாடாகப்போகுது.