சிமென்ட் நிற்கிறது, செங்கல் உதிர்கிறது

கேள்வி: கொள்ளுத்தாத்தா காலத்துச் செங்கல் பண்ணை வீடு எங்களுடையது. காரை உதிர்ந்த இடங்களில் நான்கு வருடங்களுக்கு முன் சிமென்ட் வைத்து அடைத்தோம். சிமென்ட் அப்படியே நிற்கிறது; செங்கல்தான் மாவாக உதிர்கிறது. நீர்த்தடுப்புப் பெயின்ட் அடிக்கலாமா? வீட்டின் வயதை அறிய வழி உண்டா?

பதில்: பெயின்ட் வாங்கிவிட்டீர்களா? திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் தவற்றை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய தானியக் கிடங்குக்குச் சிமென்ட் பூசிவிட்டு, 'இனி உளியாலும் பெயர்க்க முடியாது' என்று பீற்றிக்கொண்டேன். மூன்றாம் வருடம் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. ஒவ்வொரு பாளத்தின் முதுகிலும் செங்கல்லின் முகம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பழைய செங்கல் தண்ணீர் குடிக்கும். சுண்ணாம்புக் காரை அதைவிட மென்மையானது. குடித்த ஈரம் காரை வழியாகவே வெளியேறும், உப்பும் அங்கேதான் பூக்கும். காரை உதிரும், கல் பிழைக்கும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் கல்லின் வழியே வர, உப்பு கல்லுக்குள் உறைந்து அதன் மேல்தோலைத் தள்ளிவிடுகிறது. பெயின்ட் அடித்தால் மிச்சமிருக்கும் வழியும் அடைபடும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓட்டை விழுந்த தூம்பு, சுவரையொட்டி உயர்ந்துவிட்ட மண் இரண்டையும் சரிசெய்யாமல் கரண்டியைத் தொட வேண்டாம். பிறகு சிமென்ட்டைக் கை உளியால் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். வெட்டும் இயந்திரம் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். சிமென்ட் இறுகப் பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள், தானாகத் தளரட்டும். எடுத்த சந்தில், அதன் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்காவது சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தை அழுத்தி வையுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கித்தான் இறுகும். அதற்கு நாளாகும், அதுவரை ஈரச்சாக்கு தொங்கட்டும்.

வயது விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். இன்றைய சிமென்ட்டின் முன்னோடியான போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு இங்கிலாந்துக்காரர் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். ஆனால் அதற்குப் பிறகும் வெகுகாலம் சுண்ணாம்பில்தான் கட்டினார்கள். ஆகவே காரையை மட்டும் வைத்துத் தேதி சொல்ல முடியாது. செங்கல்லின் அளவும் ஏமாற்றும். பிரிட்டனில் 1784இல் எண்ணிக்கைக்கு வரி போட்டதும் சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக்கினார்கள். 1803இல் பெரிய கல்லுக்கு இரட்டை வரி வந்தது. 1850இல் வரியே போய்விட்டது. (சூளைக்காரரிடம் அரசாங்கம் தோற்றது எனக்கு இன்றும் பிடித்த கதை.) மேலும், இடித்த வீட்டுக் கல்லையே திரும்ப வைத்துக் கட்டியிருக்கலாம். கல்லின் பக்கத்தில் விரல் தடம் இருந்தால் கையால் வார்த்தது. சீரான மெல்லிய கீறல்கள் இருந்தால் கம்பியால் அறுத்தது. இரு சுவர்கள் கல்லோடு கல் பின்னாமல் நேர்கோடாகச் சந்திக்கும் இடத்தையும் தேடுங்கள். அங்கே ஒரு பகுதி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டிருக்கும்.

சுரண்டத் தொடங்குமுன் சுவரைப் புகைப்படம் எடுங்கள். பழைய காரையில் ஒரு பிடியை டப்பாவில் போட்டு, எடுத்த இடத்தை எழுதி வையுங்கள். புதுச் சாந்துக்கு மணல் தேர்ந்தெடுக்க அதுதான் மாதிரி.