சங்கம் வைத்தால் வேலை போய்விடுமா? ஜவுளிக்கடை ஊழியரின் கேள்வி

கேள்வி: தென்மாவட்ட நகரம் ஒன்றில் பெரிய ஜவுளிக்கடையில் ஆறு வருடமாக சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 13,000 ரூபாய். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் விடுவார்கள். சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம், டீக்குக் கால் மணி நேரம். மற்ற நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஆடி, தீபாவளி சமயத்தில் வார லீவும் கிடையாது. என் பிள்ளை விழித்திருக்கும்போது அவனைப் பார்ப்பதே அபூர்வம். கடையில் 160 பேர் இருக்கிறோம். எட்டு மணி நேர வேலை கேட்க வேண்டும் என்று 38 பேர் வாட்ஸாப் குழு ஆரம்பித்தோம். அது மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. "சங்கம் கிங்கம் என்று பேசினால் வேறு ஊர் கிளைக்கு மாற்றிவிடுவேன்" என்கிறார். வேலையில் சேரும்போது வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆடித் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே நாளில் லீவு போட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். செய்யலாமா? கடை ஊழியர்களுக்கெல்லாம் சங்கம் வைக்க உரிமை உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை யோசனையைக் கைவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் எதையும் புதிதாகக் கேட்கவில்லை என்பதை உங்கள் 38 பேரும் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டு மணி நேரம் ஏற்கெனவே உங்களுடையது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. கடை ஊழியருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அது வரம்பு கட்டுகிறது. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை வாங்கினால் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். நீங்கள் பார்ப்பது பதினொரு மணி நேர வேலை. ஓவர்டைம் பணத்தைச் சரியாகக் கொடுத்தால்கூட அது சட்டமீறல்தான்.

உட்காருவதற்கும் உரிமை உண்டு. கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டு பல ஆண்டுகள் போராடினார்கள். அதன் பிறகு 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தார்கள். வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. நாற்காலியை வாங்கிக் குடோனில் போட்டுவிட்டு ஆய்வாளர் வரும்போது மட்டும் எடுத்து வைத்தால், அது இருக்கை வசதி ஆகாது. உங்கள் சேலைப் பிரிவில் வாடிக்கையாளர் இல்லாத பிற்பகல் நேரத்தில் யாராவது உட்கார முடிகிறதா? முடியவில்லை என்றால் அதுவும் புகாரில் வர வேண்டும்.

வார லீவு எந்தப் பண்டிகைக்காகவும் போய்விடாது. அதைத் தவிர, 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டத்தின்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு லீவு.

இப்போது பணம். ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம். உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கிறேன். 13,000 ரூபாயை 26 நாளுக்கும் எட்டு மணி நேரத்துக்கும் பிரித்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. இரட்டிப்பாக்கினால் 125. தினமும் மூன்று மணி நேரம் கூடுதலாக நிற்கிறீர்கள். 26 நாளுக்கு 78 மணி நேரம். ஆக மாதம் 9,750 ரூபாய். அதாவது உங்கள் சம்பளத்தில் முக்கால் பங்கு அளவுக்கு ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு வராமல் நிற்கிறது. சம்பளச் சட்டத் தொகுப்பின்படி மூன்று வருட நிலுவை வரைக்கும் கேட்கலாம். பாக்கித் தொகையோடு அதைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. 'விற்பனை இன்சென்டிவிலேயே எல்லாம் அடக்கம்' என்பார்கள். இன்சென்டிவ் வேறு, ஓவர்டைம் வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்க முடியாது.

2025 நவம்பர் 21 முதல், மேலே சொன்ன சம்பளத் தொகுப்பையும் சேர்த்து, மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பழைய தொழிற்சங்கச் சட்டமும் தொழில் தகராறு சட்டமும் இப்போது தொழில் உறவுகள் தொகுப்புக்குள் போய்விட்டன. கடைகள் சட்டம் மாநிலச் சட்டம், அது ரத்தாகவில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடம் என்பதால் பணிப் பாதுகாப்புத் தொகுப்பும் உங்களுக்குப் பொருந்தும். அதிலும் எட்டு மணி நேரம்தான். தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது, பெண்களை இரவு ஏழு மணிக்கு மேல் வேலைக்கு வைக்க அவர்களுடைய சம்மதம் வேண்டும், ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்று இன்னும் மூன்று விஷயங்களையும் அது சொல்கிறது. உங்களில் எத்தனை பேரிடம் நியமனக் கடிதம் இருக்கிறது என்று குழுவில் கேட்டுப் பாருங்கள்.

இத்தனை சட்டம் இருந்தும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? தனியாகப் போய்க் கேட்டவர் மறுநாள் வேலையில் இல்லை. அதனால்தான் சங்கம் வேண்டும் என்கிறேன். கடை ஊழியர்களுக்குச் சங்கம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக உண்டு. அரசியலமைப்புச் சட்டத்தின் 19(1)(இ) பிரிவு தரும் உரிமை அது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவதே நம் ஊரில், 1918-இல், பெரம்பூர் பக்கம் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம்தான். அங்கேயும் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது முதல் குறைகளில் ஒன்று. சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது நிர்வாகம் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. சங்கம் நடத்துவதையே சதி என்று சொல்லி வழக்குப் போட முடிகிறதே என்ற கவலையில்தான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பதிவான சங்கத்துக்கு அன்று கிடைத்த அந்தப் பாதுகாப்பு இன்றைய தொழில் உறவுகள் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. பதிவு செய்யாத வாட்ஸாப் குழுவுக்கு அது கிடையாது.

பதிவுக்கு ஏழு பேர் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் நாளில் மொத்தத் தொழிலாளர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 160-க்குப் பதினாறு பேர் போதும். உங்களிடம் 38 பேர் இருக்கிறார்கள். சங்கத்தின் பெயரில் கடையின் பெயரைச் சேர்க்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வைத்தபோது தன் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. 2024 செப்டம்பரில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து, 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. ஊர்ப் பெயரோடு 'ஜவுளிக்கடை ஊழியர் சங்கம்' என்று வைத்தால் அந்தத் தகராறுக்கே இடமில்லை. பக்கத்துக் கடை ஊழியர்களும் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். ஏற்கெனவே இயங்கும் மத்திய சங்கம் ஒன்றோடு இணைவது உங்கள் விருப்பம். அனுபவமுள்ளவர் ஒருவர் உடன் இருந்தால் ஆரம்ப மாதங்களில் பெரிய உதவி.

நிர்வாகிகளாக யாரைப் போடுவது என்பதில் நிதானம் வேண்டும். கடை விடுதியில் தங்கியிருக்கும் பெண்களை முதல் வரிசையில் நிறுத்தாதீர்கள். வேலையோடு தங்குமிடமும் போய்விடும் என்று ராத்திரியோடு ராத்திரியாக மிரட்டுவார்கள். வீட்டுக்கு போன் போட்டுப் பெற்றோரையும் பயமுறுத்துவார்கள். சொந்த வீட்டிலிருந்து வருகிறவர்கள் பொறுப்பை எடுக்கட்டும், விடுதிப் பெண்கள் உறுப்பினராக இருக்கட்டும். ஃப்ளோர் சூப்பர்வைசர் யாராவது உங்களோடு இருந்தால், அவர் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு உண்மையிலேயே மேற்பார்வை வேலைதான் பார்க்கிறாரா என்று பாருங்கள். அப்படியானால் அவர் சட்டப்படி 'தொழிலாளி' ஆக மாட்டார். பெயருக்கு சூப்பர்வைசர், நாள் முழுக்க சேலை மடிக்கிறார் என்றால் அவரும் தொழிலாளிதான்.

வேலை போய்விடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். சங்கத்தில் சேரக் கூடாது என்று மிரட்டுவதும், சங்கத்துக்காக வேலையை விட்டு எடுப்பதும், நிர்வாகத் தேவை என்ற சாக்கில் பழிவாங்க ஊர் மாற்றுவதும் 'நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை' என்று தொழில் உறவுகள் தொகுப்பின் இரண்டாம் அட்டவணையில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. 10,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். பெரிய கடைக்கு இந்த அபராதம் ஒரு பொருட்டே இல்லை என்பதை நான் மறைக்கப் போவதில்லை. உங்களை உண்மையாகக் காப்பது வேறொன்று. சங்கம் கோரிக்கை மனு கொடுத்து, தகராறு தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போய், அவர் முதல் கூட்டத்தைக் கூட்டிவிட்டால், அது நடந்துகொண்டிருக்கும் வரை தகராறு சம்பந்தமான குற்றச்சாட்டில் யாரையும் அந்த அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வேலையை விட்டு எடுக்க முடியாது. தகராறு சம்பந்தமான பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றவும் முடியாது. பதிவான சங்கம் 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்' பட்டியல் ஒன்றும் கொடுக்கலாம். உங்கள் அளவுள்ள கடையில் குறைந்தது ஐந்து பேருக்கு அந்தத் தகுதி கிடைக்கும். இவர்களுக்குப் பாதுகாப்பு இன்னும் கெட்டியானது.

அதனால் எதை முதலில் செய்வது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பதிவு விண்ணப்பம், கோரிக்கை மனு, சமரசம் என்று போனால் மேனேஜரின் கை கட்டப்பட்டிருக்கும். முதலில் சண்டை, அப்புறம் சங்கம் என்று போனால் உங்கள் கைதான் கட்டப்படும்.

ஞாயிற்றுக்கிழமை லீவு யோசனை ஏன் கூடாது என்பதும் இதில்தான் வருகிறது. தொழில் உறவுகள் தொகுப்பின்படி, பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கூட்டாக கேஷுவல் லீவு போட்டால் அது வேலைநிறுத்தம். பாதிக்குக் குறைவாக இருந்தாலும், கூடிப் பேசி வைத்துக்கொண்டு வராமல் இருந்தால் அதையும் வேலைநிறுத்தம் என்றே வாதிடுவார்கள். வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரசம் நடக்கும்போதும் கூடாது. மீறினால் தொழிலாளிக்கு ஆயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அன்று முதலாளிக்கு ஒரு நாள் வியாபாரம் போகும். உங்களை வேலையை விட்டு எடுக்க அவர் தேடிக்கொண்டிருக்கும் காரணத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தது போலாகிவிடும். வேலைநிறுத்தம் உங்கள் உரிமை. முறையாக அறிவித்துச் செய்யும் நாள் வந்தால் செய்யுங்கள்.

வெற்றுத்தாள் கையெழுத்து மோசமான வழக்கம், பல கடைகளில் இருக்கிறது. ஒரு நாள் அதில் ராஜினாமாக் கடிதம் முளைக்கும். முளைப்பதற்கு முன்னால் நடந்ததை எழுத்தில் பதிவு செய்துவிட வேண்டும். "பணியில் சேரும்போது இத்தனை வெற்றுத்தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள், நான் ராஜினாமா செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை" என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக, தேதி போட்டு, தொழிலாளர் உதவி ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் ராஜினாமா என்று எதைக் காட்டினாலும் அதை யாரும் சுலபமாக நம்ப மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமலும் நிறுத்தக் கூடாது என்று கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. மேல்முறையீடும் உண்டு.

சாட்சியங்களை இன்றே சேர்க்க ஆரம்பியுங்கள். கைரேகை வைக்கும் மெஷின் கடையின் கையில் இருக்கிறது. அதை மட்டும் நம்பக் கூடாது. எட்டு மணி நேரம் முடிந்ததும் கைரேகை வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப செக்‌ஷனுக்கு அனுப்பும் கடைகளும் உண்டு. ஒரு குறிப்பேட்டில் தினமும் வந்த நேரம், போன நேரம், சாப்பிட்ட நேரம் எழுதுங்கள். இரவு ஒன்பதரைக்கு மேல் ஏறிய பஸ்ஸின் டிக்கெட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். 'ஞாயிறு யாருக்கும் லீவு இல்லை' என்று சூப்பர்வைசர் போட்ட வாட்ஸாப் செய்தி பெரிய சாட்சியம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தச் செய்தி இருக்கும் போனையும் வைத்திருக்க வேண்டும். புது போன் வாங்கினாலும் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

புகார் போனதும் கடை ஒரு தந்திரம் செய்யலாம். பத்து முதல் இரண்டு, ஐந்து முதல் ஒன்பது என்று வேலையை இரண்டாக உடைத்து 'எட்டு மணி நேரம்தானே' என்று காட்டுவார்கள். நடுவில் மூன்று மணி நேரம் வீட்டுக்கும் போக முடியாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். பிள்ளையோடு இருக்கும் நேரம் கொஞ்சமும் அதிகமாகாது. வேலை நேரத்தையும் இடைவேளையையும் இப்படி மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆகவே கோரிக்கை மனுவிலேயே 'தொடர்ச்சியான ஒரே ஷிஃப்ட்' என்று எழுதிவிடுங்கள்.

2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்தன. மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இதைப் பயந்துகொண்டிருக்கும் உங்கள் தோழிகளுக்குச் சொல்லுங்கள்.

வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது கடைசியாகக் கிடைத்த சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறும் வங்கிக் கணக்கின் விவரம், அந்தக் குறிப்பேடு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று பேராகப் போங்கள்.