படகின் அடியைத் தட்டிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள்

கேள்வி: மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க நாகமரைப் பக்கம் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் விற்க யோசனை. வருடா வருடம் அடிப்பாகத்துக்குச் செலவு செய்தால் விலை கூடுமா, விற்கும்போது ஒரு பெயிண்ட் அடித்தால் போதாதா?
- வாசகர், பென்னாகரம்

பதில்: விலை கூடாது. போட்ட காசு அப்படியே விலையில் ஏறி வராது. ஆனால் போடாமல் விட்டால், வாங்க வருகிறவர் அதையே சொல்லிச் சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பார். அந்த நஷ்டம் பராமரிப்புச் செலவைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

நல்ல தண்ணீர்தானே, உப்பா அரிக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள். கடலில் படகடியில் ஒட்டுகிற, ஓடுள்ள சிற்றுயிரான கொட்டலசு இங்கே கிடையாது, அதற்கான விஷ பெயிண்டும் தேவையில்லை. சரி, ஆனால் மேல்பூச்சான ஜெல்கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஊறிக் கொப்புளம் கட்டுவது கடலைவிட நல்ல தண்ணீரில்தான் அதிகம். குத்தினால் வினிகர் வாடையோடு நீர் பீய்ச்சும், கண் ஜாக்கிரதை. இதற்கு மருந்து, படகை எப்போதும் தண்ணீரிலேயே போட்டு வைக்காமல் அவ்வப்போது கரையேற்றிக் காயவிடுவதுதான். நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிக் கிடக்கும் பண்ணவாடி நந்தி சிலை தலைகாட்டும் அளவுக்கு நீர் இறங்குகிற கோடையில், எப்படியும் பாறை உரசி அடியில் கீறல் விழும். அப்போதே கவிழ்த்துப் போட்டு, பாசியைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு கீறலை அடைத்துவிடுங்கள். ஈரத்தோடு அடைத்தால் அடைக்காததற்குச் சமம்.

விவரம் தெரிந்தவர் முதலில் போகிற இடம் மோட்டார் மாட்டும் பின்பலகை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுவார். கணீரென்றால் சரி, சொத்தென்று கேட்டால் உள்ளே மரம் ஊறியிருக்கிறது என்று அர்த்தம், அப்புறம் பேரமே வேறு. போல்ட் துளைகளில் தண்ணீர் இறங்காமல் சீலண்ட் வைப்பது அற்பச் செலவு, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

விற்கும் முன் புது பெயிண்ட் மட்டும் வேண்டாம். பளபளவென்று இருந்தாலே எதையோ மறைக்கிறான் என்றுதான் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றும். பழுது பார்த்த ரசீது, கீறலை அடைப்பதற்கு முன்னால் செல்போனில் எடுத்த படம் இரண்டையும் காட்டுங்கள்.

கேள்வி: பரிசலுக்கும் இதே கணக்கா?
- வாசகர், ஊட்டமலை

பதில்: இல்லை. அடியில் தாரைப் புதிதாகப் பூசலாம், உளுத்த மூங்கிலை என்ன செய்வது? வாங்குகிறவர் பின்னலைத்தான் அழுத்திப் பார்ப்பார். ஓட்டுகிற வரைக்கும் ஓட்டுங்கள், மறுவிற்பனையை நம்பிக் காசு போடாதீர்கள்.