வயர்கூடைக்கு மட்டும் டோக்கனா?

கேள்வி: மாதச் சாமான் வாங்க மதுரையில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ராத்திரி முழுக்க அங்கே இருந்துவிட்டு, கசங்கின சேலையும் ரப்பர் செருப்புமாக அப்படியே போனேன். வாசலில் என் வயர்கூடையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் காரில் வந்து இறங்கின அம்மா தோள்பையோடு உள்ளே போனார். உள்ளே ஒரு பெண் நான் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்தது. ஏலக்காய்ப் பாக்கெட்டை எடுத்து விலை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். நான் வைத்ததை அது தொட்டுச் சரிபார்த்தது. வெளியே வரும்போது அழுகையே வந்துவிட்டது. என் கணவர் அரசு வேலையில் இருக்கிறார். திருடித் தின்ன வேண்டிய நிலை எங்களுக்கு இல்லை. சித்தாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிறவர்கள் வந்தால் பின்னால் போகட்டும், அதில் நியாயம் இருக்கிறது. எங்களையுமா? விசாரிக்காமல் கோவலனைக் கொன்ற ஊர்தானே என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் பெயரை எழுதியிருக்கிறேன், அவசியம் போடுங்கள். இனி அந்தக் கடைக்குப் போகலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உசிலம்பட்டி வட்டாரம்

பதில்: உங்கள் பெயர் வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. அந்தப் பெண்ணின் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் போடச் சொன்னீர்கள், அதையும் போடவில்லை. ஏன் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்களுக்கு நடந்தது அவமானம்தான். ‘கடைக்காரர் தன் பொருளைக் காப்பாற்றிக்கொள்கிறார், இதில் என்ன இருக்கிறது’ என்று சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேமரா எல்லாரையும் பார்க்கிறது. வாசலில் பில்லில் ஓட்டை போடுகிறவர் எல்லார் பில்லிலும் போடுகிறார். அதற்கெல்லாம் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் பையை வெளியே வைக்க வேண்டும் என்றால் தோள்பையும் பைதானே? வயர்கூடையை மேலிருந்து எட்டிப் பார்த்தால் அடி தெரியும். ஜிப் வைத்த தோள்பைக்குள் இரண்டு கிலோ முந்திரி போனாலும் தெரியாது. ஆக, வாசலில் நின்றவர் எதைப் பார்த்து டோக்கன் போட்டார் என்று எனக்கு விளங்குகிறது: உங்கள் செருப்பை. (பிளாஸ்டிக் வேண்டாம், வீட்டிலிருந்தே பை கொண்டு போங்கள் என்று 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என அரசாங்கம் இயக்கமே தொடங்கியது. சொன்னபடி கொண்டு போனால் வாசலிலேயே சந்தேகக் கேஸ்!)

இந்தத் தொல்லைக்கு வயது ரொம்ப அதிகமில்லை. சின்னப் பையனாக இருந்தபோது கீழமாசி வீதிக்குச் சிட்டையோடு என்னை அனுப்புவார் அம்மா. நான் படிப்பேன், அண்ணாச்சி ‘சீரகம் நூறு, கடுகு நூறு’ என்று உள்ளே குரல் கொடுப்பார், பையன் பொட்டலம் கட்டிப் போடுவான். சரக்கெல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம். நான் எதைத் திருட முடியும்? சந்தேகப்படுகிற வேலை அப்போது நம்முடையதாக இருந்தது. ‘அண்ணாச்சி மூஞ்சியப் பாக்காத, முள்ளப் பாரு’ என்று சொல்லித்தான் அம்மா அனுப்புவார். நானும் தராசு முள்ளையே முறைத்துக்கொண்டு நிற்பேன். அண்ணாச்சி ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் பிக்லி விக்லி என்று ஒரு கடை, வருகிறவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று மேஜையைத் தாண்டி உள்ளே விட்டது. வேலையாட்கள் குறைவு, கண்ணில் பட்டதெல்லாம் கூடைக்குள் விழும். முதலாளிக்கு இரட்டை லாபம், கூடவே ஒரு புதுக் கவலை. அந்தக் கவலையைச் சுமக்கத்தான் ஏலக்காய் ரேக் பக்கத்தில் ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கிறார்கள்.

கடிதம் முழுக்க அந்தப் பெண்ணை ‘அது’ என்கிறீர்கள். நம் பக்கம் செல்லமாகவும் அப்படிச் சொல்வதுண்டு. உங்கள் கடிதத்தில் செல்லம் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண் இரண்டு வருஷம் இப்படி ஒரு கடையில் வேலை பார்த்தாள். எந்தக் கடை என்பது வேண்டாம். ஏலக்காய், நெய், பிளேடு, சாக்லேட் என்று சின்னதாகவும் விலை கூடியதாகவும் இருக்கிற பொருளெல்லாம் அவள் பொறுப்பு. மாதக் கடைசியில் ஸ்டாக் எடுத்தால், குறைந்ததை அந்தப் பகுதியில் நின்றவர்கள் தலையில் பங்கு போடுவார்களாம். ஒரு மாதம் அவள் சம்பளத்தில் 430 ரூபாய் போனது. ‘நீங்க எடுத்தீங்கன்னு சொல்லல, பாத்துக்கல’ என்று விளக்கம் வேறு. ஊழியர் தரப்பைக் கேட்காமல் அப்படிப் பிடிக்கக் கூடாது என்றுதான் ஊதியச் சட்டம் சொல்கிறது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். அவள் கடைக்கும் ஸ்டூல் வந்தது. அதன்மேல் சலுகை விலை அட்டையை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

யார் பின்னால் போவது என்று எப்படி முடிவு செய்வாய் என்று அவளிடம் கேட்டேன். ‘ஆளப் பாத்தா தெரியாதான்னு சூப்பர்வைசர் சொல்லுவாரு மாமா. எங்கம்மா மாதிரி இருக்கவங்க பின்னாடிதான் போகச் சொல்லுவாரு’ என்றாள். அவள் அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர். சித்தாள்.

இப்போது உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த வரிக்கு வருவோம். சித்தாள்களும் களையெடுக்கிறவர்களும் வந்தால் பின்னால் போகட்டும் என்கிறீர்கள். சரி, அந்தப் பெண் செய்த தப்புதான் என்ன? உங்களைச் சித்தாள் என்று நினைத்ததா, சித்தாள் என்றால் கை வைப்பாள் என்று நினைத்ததா? முதலாவதுதான் என்றால் விஷயம் சின்னது, அடுத்த தடவை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போங்கள், தீர்ந்தது. இரண்டாவது என்றால் அதே தப்பை நீங்களும் செய்திருக்கிறீர்கள். அவள் கால் கடுக்க நின்று, வேலைக்குப் பயந்து செய்தாள். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து, பேனா எடுத்து எழுதியிருக்கிறீர்கள்.

கோவலன் காலம் வரை போவானேன்? நூறு வருஷம் பின்னால் போனால் போதும், அதுவும் உங்கள் ஊர்ப் பக்கமே. ரேகைச் சட்டம் என்று பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். 1871இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை, 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். பிரமலைக் கள்ளர் சமூகத்தையே பட்டியலில் ஏற்றினார்கள். கைரேகையைப் பதிவு செய்துகொண்டு, ராத்திரியானால் போலீஸ் கச்சேரிக்கு வந்து படு என்றார்கள். வெளியூர் போக ராதாரிச் சீட்டு. திருடினானா என்ற கேள்வியே கிடையாது, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் போதும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 15 பேருக்கு மேல் செத்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். 1947இல்தான் இந்த மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. கடை டோக்கனையும் ராதாரிச் சீட்டையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் அந்த வட்டாரத்திலிருந்து ‘அவர்கள் பின்னால் போகட்டும், நியாயம்’ என்று ஒரு கடிதம் வந்தால் எனக்கு உறுத்துகிறது.

சட்டத்தில் என்ன வழி என்றால், கடை ஊழியர் பின்னால் நடந்து வந்தார் என்பதற்காக வழக்கு என்று அலைய வேண்டாம். கையை நீட்டி மறித்தாலோ, உள் அறைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தாலோ அது வேறு கதை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு 126, 127 என்று பிரிவுகள் இருக்கின்றன. அடைத்து வைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி ஒரு நிலை யாருக்கு வந்தாலும், ‘சந்தேகம் இருந்தா போலீசக் கூப்பிடுங்க, கேமராவப் போட்டுக் காட்டுங்க’ என்று சொல்லிவிட்டு நாலு பேர் கண்ணில் படுகிற இடத்திலேயே நிற்க வேண்டும். உள்ளே போகக் கூடாது.

உங்களுக்கு அது வரை போகவில்லை. மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வயர்கூடை, தோள்பை விஷயத்தைத் தேதி, நேரத்தோடு எழுதுங்கள், அவர்கள் கேமராவிலேயே அது இருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் வேண்டாம். எழுதினால் மறுநாள் அவளை வேலையைவிட்டு நிறுத்துவார்கள், ‘ஆளப் பாத்தா தெரியாதா’ என்று சொல்லிக்கொடுத்தவர் அங்கேயே இருப்பார். இங்கே நான் போடாததும் அதனால்தான்.

கடைக்குத் தாராளமாகப் போங்கள். பின்னால் யாராவது வந்தால் திரும்பி, ‘தாயி, இந்த உளுந்துல எது புதுசு?’ என்று கேளுங்கள். தேடி எடுத்துக் கொடுப்பாள், அந்த வேலை அவளுக்கும் பிடிக்கும். அம்மா உடம்பு தேறி வீட்டுக்கு வரட்டும், அப்புறம் போங்கள், அதே வயர்கூடையோடு. வாசலில் கூடைக்குக் கை நீட்டினால் கொடுத்துவிட்டு, பக்கத்தில் போகிற தோள்பையைக் காட்டி ‘இதுக்கு டோக்கன் இல்லையா தம்பி?’ என்று கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள். என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன்.