ஸ்டார்டியூ பண்ணையில் நாதஸ்வரம் ஒலிக்குமா? – வாசகர் கேள்வி பதில்

'ஸ்டார்டியூ வேலி' என்ற பண்ணை கேமில் வசந்த காலத்துக்கு வரும் இசையை எடுத்துவிட்டு, வீட்டில் பதிவு செய்த நாதஸ்வரத்தைப் போட ஆசை. கோடிங் தெரியாது. முடியுமா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

தாராளமாக முடியும். முன்பு இதற்கென்றே ஒரு தனி மாட் (கேமை மாற்றியமைக்கும் கூடுதல் ஃபைல் தொகுப்பு) தேட வேண்டும், அல்லது கேமின் இசை முழுவதும் அடைத்து வைக்கப்பட்ட பெரிய ஃபைலிலேயே கை வைக்க வேண்டும். 2024 மார்ச்சில் வந்த 1.6 பதிப்பு அந்தத் தொல்லையை ஒழித்துவிட்டது. இப்போது கேமின் ஒரிஜினல் ஃபைல் எதையும் தொடவே வேண்டாம்.

இரண்டு மாட்கள் தேவை: மற்ற மாட்களை கேமில் ஏற்றும் ஸ்மாபி, கேமின் ஃபைல்களைத் தொடாமலே உள்ளடக்கத்தை மாற்றித்தரும் கன்டென்ட் பேட்சர். ஸ்மாபியின் ஸிப்பை டெஸ்க்டாப்பில் விரித்து, அதிலுள்ள இன்ஸ்டால் ஃபைலை இயக்குங்கள். ஸிப்புக்கு உள்ளிருந்தே இயக்கினால் நடக்காது. கேம் ஃபோல்டரில் 'மாட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் உருவாகியிருக்கும். கன்டென்ட் பேட்சரை அதற்குள் போடுங்கள். பக்கத்திலேயே உங்கள் மாட்டுக்கு ஒரு ஃபோல்டர் திறந்து, அதில் 'மேனிஃபெஸ்ட்', 'கன்டென்ட்' என்ற இரண்டு ஜேசன் ஃபைல்களையும் (குறிப்பிட்ட அமைப்பில் எழுதும் டெக்ஸ்ட் ஃபைல்கள்), பாட்டை வைக்க 'அசெட்ஸ்' என்ற உள்ஃபோல்டரையும் வையுங்கள்.

மேனிஃபெஸ்ட்டில் மாட்டின் பெயர், உருவாக்கியவர், பதிப்பு எண், வேறு யாரும் வைத்திராத ஒரு ஐடி, கூடவே 'இது கன்டென்ட் பேட்சருக்கான பேக்' என்று சொல்லும் வரி ஆகியவை இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரி விட்டுப்போனால் ஸ்மாபி உங்கள் மாட்டை ஏற்றாது.

கன்டென்ட் ஃபைலில் செய்வது ஒரே வேலைதான். 'டேட்டா/ஆடியோசேஞ்சஸ்' என்ற பட்டியலில் 'ஸ்பிரிங்1' என்ற பெயருக்கு எதிரே உங்கள் ஃபைலைக் காட்டுகிறீர்கள். இந்தப் பெயர்களை ஆங்கிலத்தில், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல் எழுத வேண்டும். ஸ்டார்டியூ விக்கியில் உள்ள மாதிரியை அப்படியே காப்பி செய்து, ஃபைல் பெயரை மட்டும் மாற்றுவதே நல்லது. முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழும் இடமும் இதுதான். கேம் இங்கே எதிர்பார்ப்பது கணினியில் ஃபைல் இருக்கும் முழுப் பாதையை. அதை நீங்கள் கையால் அடிக்க வேண்டாம். இரட்டை வளைவு அடைப்புக்குறிக்குள் 'அப்சல்யூட்ஃபைல்பாத்' என்ற டோக்கனை, அதாவது குறிச்சொல்லைப் போட்டால், முழுப் பாதையைக் கன்டென்ட் பேட்சரே நிரப்பிக்கொள்ளும். டோக்கன் இல்லாமல் 'அசெட்ஸ்' என்று தொடங்கினால், கேம் தன்னுடைய 'கன்டென்ட்' ஃபோல்டருக்குள் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பும்.

வசந்த காலத்துக்கு ஸ்பிரிங்1, 2, 3 என்று மூன்று பாட்டுகள் உண்டு. ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய இசையும் இடையிடையே வரத்தான் செய்யும். ஒரே பெயருக்கு எதிரே பல ஃபைல்களைக் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் அவற்றில் ஏதாவது ஒன்றை கேம் எடுத்துக்கொள்ளும். நாலைந்து ராகம் பதிவு செய்து வைத்திருந்தால் இது அருமையான வசதி.

சோதித்துப் பார்க்கும்போது கேமுக்குள் மழை நாளாக இருந்தால் வெளியில் மழைச் சத்தம்தான் கேட்கும். மாட் வேலை செய்யவில்லை என்று அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கேமை முழுசாக மூடித் திறங்கள். ஒருமுறை ஏறிய ஒலி, கேமை மூடும்வரை போகாது.

வாட்ஸ்அப்பில் வந்த பதிவு ஓஜிஜி ஃபைலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேம் ஏற்க மறுக்கிறது. ஏன்?
– வாசகர், ஈரோடு

ஓஜிஜி என்பது வெறும் உறை. உள்ளே இருக்கும் ஒலி வோர்பிஸ் முறையிலும் இருக்கலாம், ஓபஸ் முறையிலும் இருக்கலாம். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஓபஸ். ஸ்டார்டியூ, மைன்கிராஃப்ட் இரண்டும் கேட்பது வோர்பிஸ். எம்பி3 ஃபைலின் பெயரை மட்டும் ஓஜிஜி என்று மாற்றினாலும் இதே கதிதான். பெயர் மாறும், உள்ளே எதுவும் மாறாது.

'ஆடாசிட்டி' என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து, எக்ஸ்போர்ட்டில் 'ஓஜிஜி வோர்பிஸ்' தேர்ந்தெடுத்து, 44100 ஹெர்ட்ஸ், குவாலிட்டி 5 அல்லது 6 வைத்துச் சேமியுங்கள். ஓபஸ் ஃபைலை ஆடாசிட்டி திறக்க மறுத்தால், பல ஒலி வடிவங்களைப் படிக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியை அதோடு இணைத்துவிட்டு மறுபடி திறங்கள். விண்டோஸில் ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டும் வசதியையும் இயக்கிவையுங்கள். பாதிப் பேருக்குப் பாட்டின் பெயர் 'ஓஜிஜி' என்றே முடிந்திருக்கும், அதன் பின்னால் 'எம்பி3' ஒளிந்திருக்கும்.

வாய்ஸ் மெசேஜாக வரும் பதிவு, பேச்சுக்காகச் சுருக்கப்பட்டது. நாதஸ்வரத்தின் கூர்மை அதில் போய்விடும். பதிவு செய்தவரிடம் ஒரிஜினல் ஃபைலை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

என் மூல ஃபைல் எம்பி3. பாட்டு முடிந்து மறுபடி தொடங்கும்போது ஒரு சின்ன வெட்டு கேட்கிறது. எப்படிச் சரிசெய்வது?
– வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் மூல ஃபைல் எம்பி3 என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அதுதான். எம்பி3 ஆக மாற்றும்போதே தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் சேர்ந்துவிடும். எம்பி3 உருவாக்கும் 'லேம்' என்ற மென்பொருளில், அதைத் திரும்ப விரிக்கும் டீகோடரின் தாமதத்தையும் சேர்த்து, வழக்கமாக 1105 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறிய துண்டு). 44100 ஹெர்ட்ஸில் சுமார் 25 மில்லிசெகண்ட். தனியாகக் கேட்டால் தெரியாது. தாளத்தோடு ஓடும் பாட்டில் ஒவ்வொரு சுற்றிலும் கால் தடுக்கும். அதை அப்படியே வோர்பிஸாக மாற்றினால் அந்த மௌனமும் கூடவே வரலாம்.

தரம் குறையாத வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் மூல ஃபைல் கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். கிடைக்காவிட்டால் ஆடாசிட்டியில் அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்னால் தட்டையான கோடு தெரியும். அதை வெட்டி எறியுங்கள். பின்பு ஒரு முழு ஆவர்த்தனத்தை (தாளத்தின் ஒரு சுற்று) கணக்கிட்டுத் தேர்வு செய்து, கீபோர்டில் 'இஸட்' அழுத்துங்கள். தேர்வின் இரு முனையும் அலை பூஜ்யக் கோட்டைத் தொடும் இடத்துக்கு நகரும். இதைச் செய்யாமல் வெட்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். ஆதி தாளம் என்றால் எட்டு அட்சரத்தின் முடிவில்தான் வெட்ட வேண்டும், ஏழரையில் வெட்டினால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. லூப் ப்ளே போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சேரும் இடம் எதுவென்று தெரியாமல் போகும்வரை எக்ஸ்போர்ட் செய்ய வேண்டாம்.

ஸ்டார்டியூவில், கன்டென்ட் ஃபைலில் 'லூப்ட்' என்ற மதிப்பை நீங்களே 'ட்ரூ' ஆக்க வேண்டும். எழுதாமல் விட்டால் பாட்டு ஒருமுறை ஓடி நின்றுவிடும். கேமில் வரும் மதுக்கூடமான 'சலூன்' இசையை மாற்றுபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இது.

ஸ்டார்டியூவில் இருபது பாட்டு சேர்த்ததும் கேம் திறக்கவே நேரம் எடுக்கிறது. மியூசிக் வால்யூமை பூஜ்யத்தில் வைத்தாலும் என் பாட்டு மட்டும் ஒலிக்கிறது.
– வாசகர், கோவை

இரண்டுக்கும் கன்டென்ட் ஃபைலில் ஒவ்வொரு வரிதான் மருந்து. ஓஜிஜி ஃபைலை கேம் சாதாரணமாக முழுவதும் விரித்து மெமரியில் வைத்துக்கொள்ளும். ஸ்டீரியோ, 16 பிட், 44100 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு விநாடிக்கு 1,76,400 பைட். நான்கு நிமிடப் பாட்டு டிஸ்க்கில் 4 அல்லது 5 எம்பி இருந்தாலும் மெமரியில் 42 எம்பி பிடிக்கும். இருபது பாட்டு என்றால் 840 எம்பி தாண்டும். 'ஸ்ட்ரீம்ட்வோர்பிஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள், டிஸ்க்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொள்ளும்.

வால்யூம் பிரச்சினைக்கு, 'கேட்டகரி' என்ற இடத்தில் 'மியூசிக்' என்று எழுதுங்கள். அது இல்லாததால்தான் மியூசிக் ஸ்லைடர் உங்கள் பாட்டைக் கண்டுகொள்ளவில்லை.

மைன்கிராஃப்ட் ஜாவாவில் 'கேட்' என்ற இசை டிஸ்க்குக்குப் பதில் என் பாட்டைப் போட்டேன். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே சத்தம். பாட்டும் பாதியில் நிற்கிறது.
– பள்ளி மாணவர், மதுரை

நீங்கள் போட்டது ஸ்டீரியோ ஃபைல். மைன்கிராஃப்ட்டில் தூரத்துக்கு ஏற்பச் சத்தம் குறைவது மோனோ ஒலிக்கு மட்டும்தான். ஆடாசிட்டியில் ட்ராக்கை மோனோவாகக் கலந்து, மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, ரிசோர்ஸ் பேக்கில் (கேமின் ஒலி, படங்களை மாற்றும் தொகுப்பு) அதே 'ரெக்கார்ட்ஸ்' ஃபோல்டரில் அதே பெயரில் வையுங்கள். ஃபைல் பெயரில் ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், அடிக்கோடு போதும். இடைவெளியோ பெரிய எழுத்தோ கூடாது.

பாதியில் நிற்பது வேறு விஷயம். 'கேட்' டிஸ்க்கின் நீளம் 185 விநாடி என்று கேமில் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. டிஸ்க்கை ஓட்டும் ஜூக்பாக்ஸ் உங்கள் ஃபைலின் நீளத்தைப் பார்ப்பதில்லை, அந்த எண்ணைத்தான் பார்க்கிறது. 1.21 பதிப்பிலிருந்து டேட்டா பேக் (கேமின் விதிகளை, தகவல்களை மாற்றும் தொகுப்பு) வழியாக இந்த எண்ணை மாற்றலாம். 'ஜூக்பாக்ஸ் சாங்' ஃபைலில் விநாடி நீளத்தை உங்கள் பாட்டுக்கு ஏற்பக் கொடுங்கள். அதே வழியில் பழைய டிஸ்க் எதையும் இழக்காமல் புதுப் பாட்டே சேர்க்கலாம். ஒலி ரிசோர்ஸ் பேக்கிலும், நீளம் டேட்டா பேக்கிலும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் போதாது.

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் தமிழ்ப் பாட்டு கேட்க எந்த மாட் நல்லது?
– வாசகர், திண்டுக்கல்

2005-இல் வந்த பிசி பதிப்பு வைத்திருந்தால் மாட்டே வேண்டாம். டாக்குமென்ட்ஸில் உள்ள 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் யூசர் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் 'யூசர் ட்ராக்ஸ்' என்று ஒன்று இருக்கும். எம்பி3 ஃபைல்களை அதில் போட்டு, ஆடியோ மெனுவில் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். காரில் ஏறி ஸ்டேஷன் மாற்றினால் வந்துவிடும்.

நான் செய்த இசை மாட்டை மற்றவர்களுக்கும் கொடுக்கலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

நீங்களே வாசித்துப் பதிவு செய்ததை உங்கள் இஷ்டம் போலக் கொடுங்கள். தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், அவருடைய கீர்த்தனைக்கு இன்று காப்புரிமை இல்லை. ஆனால் ஒரு வித்வான் அதைப் பாடிய ஒலிப்பதிவுக்கு உண்டு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு. சினிமாப் பாட்டில் மெட்டுக்கும் வரிகளுக்கும் தனித்தனி உரிமைகள் வேறு.

அதனால் சினிமாப் பாட்டு மாட் என்றால் ஜேசன் ஃபைல்களை மட்டும் கொடுத்து, அசெட்ஸ் ஃபோல்டரைக் காலியாக விடுங்கள். எந்தப் பெயரில், எந்த வடிவத்தில் ஃபைல் வைக்க வேண்டும் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிவிட்டால், பாட்டை வாங்கி வைத்திருப்பவர் தானே போட்டுக்கொள்வார். விளையாடுவதை யூடியூபில் ஒளிபரப்புகிறவர்கள் அந்த நேரத்தில் மாட்டை எடுத்துவிடுவது நல்லது. பின்னணியில் மெலிதாக ஓடினாலும், காப்புரிமைப் பாட்டைக் கண்டறியும் யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' பிடித்துவிடும்.